வில்லனைப் பிடிக்காத போலீஸ்

கேள்வி: சென்ற இதழில் 'லைவ்' என்ற கொரியத் தொடரை ஆகா ஓகோ என்று எழுதியிருந்தீர்கள். நம்பி, மூன்று இரவு தூங்காமல் 18 எபிசோடும் பார்த்தேன். போலீஸ்காரர்கள் குடிகாரர்களிடம் அடி வாங்குகிறார்கள், அழுகிறார்கள், வீட்டில் சண்டை போடுகிறார்கள். உருப்படியாக ஒரு பெரிய வில்லனைப் பிடிக்கவில்லை. கடைசியில் 'போலீஸ் பாவம்' என்று முடித்துவிட்டார்கள். இது காவல்துறைக்கு எடுத்துக் கொடுத்த விளம்பரப் படம். உங்களுக்கு இதில் அப்படி என்ன பிடித்தது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: இரண்டு குற்றச்சாட்டு வைத்திருக்கிறீர்கள். முதலாவது தப்பு. இரண்டாவதில் பாதி சரி. அந்தப் பாதியை நான் சென்ற இதழில் எழுதாமல் விட்டது என் தப்பு.

முதலில் வில்லன். இந்தத் தொடரின் போலீஸ்காரர்கள் வேலை பார்ப்பது 'ஜிகுதே'யில். கொரியாவில் தெருவுக்குத் தெரு இருந்த சின்னச் சின்ன போலீஸ் சாவடிகளில் பலவற்றை 2003-ல் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கிய ரோந்து நிலையம் அது. இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும். 112-க்கு யார் போன் போட்டாலும் முதலில் ஓடுவது இவர்கள்தான். ஓடிப் போய் சண்டையை விலக்க வேண்டும், அடிபட்டவரை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும், ஆளைப் பிடித்தால் பெரிய ஸ்டேஷனில் இருக்கும் துப்பறியும் பிரிவிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கப்புறம் கேஸ் என்ன ஆனது என்பது இவர்களுக்கே பல நேரம் தெரியாது. நீங்கள் கேட்கிற வில்லன் அடுத்த கட்டடத்தில் இருக்கிறான், ஐயா. ஊடே பெண்களைக் குறிவைக்கும் குற்றவாளியைத் தேடுகிற கதை ஒன்று ஓடுகிறது. என்னைக் கேட்டால் தொடரிலேயே சுமாரான பகுதி அதுதான். அதைப் போல நூறு தொடர் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது முதல் எபிசோடு. அதில் பெரும்பகுதி போலீஸ் கதையே இல்லை, வேலை தேடுகிற இரண்டு பேரின் கதைதான். ஹான் ஜங்-ஓ (ஜங் யூ-மி) நேர்முகத் தேர்வுகளுக்கு அலைகிறாள். பெண் என்பதால் கதவு சாத்தப்படுகிறது. யோம் சாங்-சூ (லீ குவாங்-சூ) தண்ணீர் பாட்டில் கம்பெனி ஒன்றில் இன்டர்ன். நிரந்தர வேலை கிடைக்கும் என்று நம்பி, அம்மாவின் காசையும் சேர்த்து அந்தக் கம்பெனியில் போடுகிறான். கம்பெனி மோசடி. காசு போச்சு. இரண்டு பேரும் போலீஸ் தேர்வு எழுத உட்காருவது அதற்குப் பிறகு. நாட்டைக் காக்கும் வெறியும் கிடையாது, அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்கும் சபதமும் கிடையாது. அரசாங்க வேலை, மாதா மாதம் சம்பளம், யாரும் லேசில் வீட்டுக்கு அனுப்ப முடியாது. அவ்வளவுதான். அந்த வேலையிலும், தொடர் வந்த 2018 வாக்கில் பத்தில் ஒருவர்தான் பெண். பெண்களுக்குத் தனியாக, குறைந்த இடங்களுக்கே ஆள் எடுத்தார்கள். ஜங்-ஓ தப்பித்து ஓடி வந்த இடமும் முழுக்க நியாயமான இடமில்லை.

சீருடைக்குள் இருப்பது ஒரு சம்பளக்காரர் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்கிய போலீஸ் தொடர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கதாசிரியர் நோ ஹீ-கியோங்கின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான். ஒருவரின் மனைவி விவாகரத்து கேட்கிறாள், நிலையத் தலைவருக்குப் புற்றுநோய், இன்னொருவர் மாலையில் கடையையும் கவனிக்க வேண்டும். இதையெல்லாம் 'வீட்டுச் சண்டை' என்று ஒதுக்குகிறீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தியோடு நிற்பவன் முன்னால் போய் நிற்கிற ஆளின் தலைக்குள் ஓடுவது வேறு என்ன?

லீ சாம்-போவை நினைத்துப் பாருங்கள். ஓய்வு பெறப் போகிற கிழவர். அவருக்கு ஜோடியாகச் சேர்த்துவிட்ட சோங் ஹே-ரி, 'இந்தத் தாத்தாவோடு என்ன கற்றுக்கொள்வது' என்று முகம் சுளிக்கிற புதுப் பெண். ஒருநாள் பள்ளிக்கூடத்து வயசுப் பையன்கள் அவரை அடித்துவிடுகிறார்கள். அவர் அதை வெளியே சொல்லவில்லை. வலியைவிட வெட்கம் பெரிது. பேரன் வயசுப் பையன்கள் அடித்தார்கள் என்று எந்தப் படிவத்தில் எழுதுவார் மனுஷன்? ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கும் எந்தக் குமாஸ்தாவுக்கும் புரியும். நீங்கள் இதை 'அடி வாங்குகிறார்கள்' என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள்.

இனி விளம்பரப் படம். கொரியர்கள் போலீஸை மரியாதையாக 'மக்களின் கைத்தடி' என்பார்கள். கோபம் வந்தால் 'ஜப்ஸே' என்று திட்டுவார்கள். இரண்டாவது சொல்லுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற கல்லூரி மாணவன் சியோலில் போலீஸ் சித்திரவதையில் செத்தான். மேஜையை 'டக்'கென்று தட்டினோம், 'அக்'கென்று விழுந்துவிட்டான் என்று அதிகாரிகள் விளக்கம் கொடுத்தார்கள். அந்த வாக்கியம் இன்றுவரை அங்கே மறக்கப்படவில்லை. 2015-ல் தண்ணீர் பீரங்கி அடித்து விழுந்த விவசாயி பேக் நாம்-கி பத்து மாதம் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். 2016 ஜூலையில் இவா மகளிர் பல்கலைக்கழகத்துக்குள் சுமார் 1,600 போலீஸார் புகுந்து மாணவிகளை இழுத்துப் போட்டார்கள்.

இதெல்லாம் தெரிந்த பார்வையாளர்களுக்குத்தான் நோ ஹீ-கியோங் எழுதுகிறார். இரண்டாவது எபிசோடிலேயே பயிற்சிப் போலீஸாரைக் கல்லூரிப் போராட்டத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துகிறார். உத்தரவு வரும்வரை யார் அடித்தாலும், யாருக்கு அடிபட்டாலும் எதுவும் செய்யக் கூடாது என்பது கட்டளை. பிறகு உத்தரவு வருகிறது. தன் வயசுப் பெண்களைத் தூக்கி வெளியே போடுகிறார்கள் நம் நாயகனும் நாயகியும். விளம்பரப் படம் எடுப்பவர் இந்தக் காட்சியைத் தொடவே மாட்டார். ஆனால் கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்று கவனித்தீர்களா? இழுக்கப்பட்டவள் முகத்தைவிட இழுத்தவன் முகத்தில்தான் அதிக நேரம். அவனுடைய அதிர்ச்சியைப் பார்க்கிறோம். அவளுக்குப் பெயர்கூட இல்லை. உங்கள் குற்றச்சாட்டில் பாதி சரி என்றது இதைத்தான்.

கடைசி எபிசோடில் இது முற்றிவிடுகிறது. குத்துப்பட்ட தன் மூத்த ஜோடி ஓ யாங்-சோனைக் காப்பாற்ற சாங்-சூ சுடுகிறான். துறை அவனையே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது. யாங்-சோன் (பே சங்-ஊ) எழுந்து, 25 வருஷத்துக்கு மேல் களத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய கடமை உணர்வை என்னிடமிருந்து பறித்தது யார் என்று கேட்கிறார். பே சங்-ஊ பிரமாதமாக நடித்திருக்கிறார். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன். கண்ணைத் துடைத்த பிறகு எரிச்சலும் வந்தது. போலீஸ் துப்பாக்கியை எடுத்தால் யாராவது உட்கார்ந்து கேள்வி கேட்கத்தான் வேண்டும். கேட்பவர்களையெல்லாம் மேஜைக்குப் பின்னால் இருக்கும் ஈரமில்லாத மனிதர்களாக எழுதிவிட்டால், வாதத்தில் ஜெயிப்பது சுலபம். கையில் தூக்கிய ஆயுதத்துக்குக் கணக்குக் கேட்பதும் கடமைதான் என்று சொல்ல அந்த அறையில் ஒரு நல்ல மனிதரை வைத்திருக்கலாம். நோ ஹீ-கியோங்குக்கு அது தெரியாததல்ல. அந்த ஒரு மணி நேரம் அவர் தன் ஆட்கள் மேல் வைத்த பாசம் பேனாவைப் பிடித்துக்கொண்டது.

அதே காட்சியில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. சாங்-சூவுக்காகப் பேச நிலையத்து ஆட்களைத் தவிர யாரும் இல்லை. 2018-ல் கொரியப் போலீஸுக்குச் சங்கம் கிடையாது. பணியாளர் மன்றம் வைத்துக்கொள்ளவே 2020-ல்தான் அனுமதி வந்தது. ஒரு தொழிலாளியின் குறையை யாங்-சோன் 'கடமை உணர்வு' என்ற பெரிய சொல்லில் போர்த்திக் கத்த வேண்டி வந்தது. கூலி, ஓய்வு, பாதுகாப்பு என்று பேசியவரை தொடர் நேர்மையாக இருந்தது. கடமை, தியாகம் என்று குரல் ஏறியதும்தான் உங்களுக்கு விளம்பர வாடை அடித்தது. மூக்கு சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

மற்றபடி, மூன்று இரவு தூங்காமல் பார்த்ததற்கு நான் பொறுப்பல்ல. ஜிகுதேக்காரர்களுக்காவது நைட் டியூட்டிக்குப் படி உண்டு. எங்கள் அலுவலகத்தில் ஆசிரியருக்கே கிடையாது.