தன்னார்வலர்கள் பாதியில் நின்றுவிடுகிறார்களே, என்ன செய்வது?

கேள்வி: எங்கள் அறக்கட்டளை கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறது. ஜூலையில் 30 கல்லூரி மாணவர்கள் பெயர் கொடுத்தார்கள். இப்போது ஐந்து பேர்தான் வருகிறார்கள். தலைக்கு 200 ரூபாய் கொடுத்தால் வாராவாரம் ஆள் அனுப்புவதாக ஒருவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா? (வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: வேண்டவே வேண்டாம். இப்படிப்பட்டவர்கள் உங்களிடமும் வாங்குவார்கள், சான்றிதழ் வாங்கித் தருவதாக மாணவர்களிடமும் வாங்குவார்கள். வருகிறவர்கள் பேனர் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யார் எவர் என்று தெரியாதவர்களைப் பிள்ளைகளோடு விட்டால் நாளை பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். 'கம்பெனி ஊழியர்களை அனுப்புகிறேன், அவர்கள் நேரத்துக்கு விலை போட்டு சிஎஸ்ஆர் (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணி) செலவாக எழுதிக் கொடுங்கள்' என்றும் கேட்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். ஊழியர்களின் சேவை நேரத்தைப் பணமாக்கி அந்தக் கணக்கில் காட்டக் கூடாது என்று மத்திய கம்பெனி விவகார அமைச்சகமே தெளிவுபடுத்தியிருக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் விஷயம் மட்டும் வேறு. அவர்களுக்கு ஆண்டுக்கு 120 மணி, இரண்டு ஆண்டில் 240 மணி சேவைக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பார்ப்பவர் கல்லூரியின் திட்ட அலுவலர். உங்கள் லெட்டர்பேடில் எழுதித் தருவது அதில் தானாக ஏறாது. ஆகவே முதலில் அவரைப் போய்ப் பாருங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, வருகைப் பதிவில் யார் கையெழுத்து என்று பேசி முடித்த பிறகே மாணவர்களைக் கூப்பிடுங்கள். இடைத்தரகர் எதற்கு?

மற்றவர்கள் வராமல் நின்றுவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வந்த அன்று வேலை இருக்காது. 'உட்காருங்க தம்பி, சொல்றோம்' என்று ஒரு மணி நேரம் போகும். ஆளுக்கு நான்கு பிள்ளைகளை அரையாண்டுத் தேர்வு வரை ஒப்படையுங்கள். பஸ் காசைக் கையோடு கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் தேர்வுக்கு விடுமுறை உண்டு என்று முதல் நாளே சொல்லுங்கள். ஆறு மாதம் நிலைத்தவரிடம் புதியவர்களைப் பழக்கும் பொறுப்பைக் கொடுத்தால் அவரும் வளர்வார், உங்கள் சுமையும் குறையும். நிதி தருபவர்களின் படிவங்களில் 'எத்தனை தன்னார்வலர்கள்?' என்ற கட்டம் தவறாமல் இருக்கிறது. எத்தனை மாதம் நிலைத்தார்கள் என்று கேட்கும் படிவத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தலைக்கணக்குக் காட்டும் தரகர்கள் பெருகாமல் என்ன செய்வார்கள்?

நின்றுபோன 25 பேருக்கும் இந்த வாரமே போன் போடுங்கள். வந்த நாட்களில் என்ன வேலை கொடுத்தோம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதைச் சரிசெய்யும் வரை புதிதாக யாரையும் சேர்க்காதீர்கள்.