முருங்கைக்கீரையிலிருந்து மரபணு வரை: வைட்டமின் ஏ கேள்வி பதில்

உயிர்வேதியியல் பாடம் எடுப்பவள் என்பதால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

மஞ்சக்குப்பம்: டீச்சர், கீரை எப்படி வைட்டமின் ஏ ஆகிறது?

முருங்கைக்கீரையில் இருப்பது பீட்டா கரோட்டின் என்ற நிறமி. சிறுகுடல் செல்களில் உள்ள ஒரு நொதி அதை நட்டநடுவில் வெட்ட, வைட்டமின் ஏ-வின் ஒரு வடிவமான ரெட்டினால் இரண்டு கிடைக்கும். அது இன்னொரு வடிவமான ரெட்டினோலாக மாறி, கொழுப்போடு சேர்ந்து நிணநீர் வழியாகக் கிளம்பி, கல்லீரலில் சேமிப்பாகும். எண்ணெயே இல்லாமல் அவித்தால் குடல் சரியாக உறிஞ்சாது. கொஞ்சம் எண்ணெயில் வதக்கி, இறக்கும்போது தேங்காய்த் துருவல் போடுங்கள். உணவில் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் இருந்தால் 1 மைக்ரோகிராம் ரெட்டினோலுக்குச் சமம் என்பது கணக்கு.

முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவர்: மேடம், வைட்டமின் ஏ ஹார்மோன் மாதிரி வேலை செய்யுமாமே?

ஆமாம் தம்பி, எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கல்லீரல் ரெட்டினோலை ஒரு புரதத்தோடு சேர்த்து ரத்தத்தில் அனுப்புகிறது. செல்லுக்குள் அது மறுபடி ரெட்டினால் ஆகும். இந்த மாற்றம் இரண்டு பக்கமும் போகும். ஆனால் ரெட்டினால் ரெட்டினோயிக் அமிலமாகிவிட்டால் திரும்பி வர வழியில்லை. அந்த அமிலம்தான் சமிக்ஞை. டிஎன்ஏவில் ஆர்ஏஆர், ஆர்எக்ஸ்ஆர் என்ற ஏற்பிகள், அதாவது சமிக்ஞையைப் பிடிக்கும் புரதங்கள், ஜோடியாக உட்கார்ந்திருக்கும். அமிலம் வந்து ஒட்டியதும் பக்கத்து மரபணு வேலையைத் தொடங்கும். தோல், குடல் சுவர், நோய் எதிர்ப்பு, கருவில் உறுப்புகள் உருவாவது எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. 1987-இல் பிரான்சில் பியர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் ஆர்ஏஆர் ஏற்பியைத் தனித்தனியே கண்டுபிடித்தன.

அப்புறம் இதையும் படித்துக்கொள்: சிஒய்பி26 நொதிகள் அந்த அமிலத்தைச் சிதைத்துவிடும். எந்த இடத்தில், எவ்வளவு, எந்த நேரத்தில் என்பதில் உடம்பு அவ்வளவு கறார்.

அதே மாணவர்: மாலைக்கண்ணுக்கும் இந்த அமிலம்தான் காரணமா?

இல்லை. விழித்திரையில் ரெட்டினாலே ஆப்சின் புரதத்தோடு சேர்ந்து ஒளியைப் பிடிக்கிறது. அது குறைந்தால் மங்கிய வெளிச்சத்தில் பார்வை போகும்.

முதுநகர்: அக்கா, பரங்கிக்காயும் கேரட்டும் தின்று பையனுக்கு உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. காமாலையா?

கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அதுவும் மஞ்சளாக இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். வெள்ளையாகவே இருந்தால், தோலில் கரோட்டின் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். அளவைக் குறைத்தால் சில வாரங்களில் போய்விடும். விஷமாகாது. ரெட்டினோயிக் அமிலம் போதுமான அளவு வந்ததும், கரோட்டினை வெட்டும் நொதியைக் குடல் தானே குறைத்துக்கொள்ளும்.

அரியாங்குப்பம்: தங்கச்சி பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறாள். குழந்தைக்கும் ஆசைப்படுகிறாள். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைக்கவே கூடாது, அம்மா. இன்றைக்கே டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். அந்த மாத்திரை ரெட்டினோயிக் அமிலத்தின் இன்னொரு வடிவம். குடலும் கல்லீரலும் வைத்திருக்கும் கட்டுப்பாட்டையெல்லாம் தாண்டி வருகிறது. கருவின் இதயம், மூளை, முகம், காது கெட்டுப்போகலாம். நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே கருத்தரிக்க வேண்டும். கர்ப்பமானால் ஈரலும், டாக்டர் சொல்லாமல் வாங்கும் மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் வேண்டாம். கீரை, பரங்கிக்காய் தாராளமாகச் சாப்பிடட்டும்.