இயற்கை பிடிக்கும்னு சொல்ற டூரிஸ்டுங்களே ஏன் அந்த இடத்தைக் கெடுக்கறாங்க?

மனசுல இருக்கறது வேற, கை செய்யறது வேறங்க. சர்வேல கேட்டா எல்லாரும் சுற்றுச்சூழல் முக்கியம்னுதான் டிக் அடிப்பாங்க, ஆனா லீவுன்னு வந்துட்டா "ஒரு நாள்தானே"ன்னு ஒரு மூடு வந்துடும், வீட்ல பார்த்துப் பார்த்து ஃபேனை அணைக்கற மனுஷன் ரூம்ல ஏசியை ஓடவிட்டுட்டு வெளிய சுத்தப் போவாரு, ஏன்னா வாடகை எப்படியும் ஒண்ணுதான்.

அதுக்கும் மேல, அடுத்தவன் என்ன பண்றான்னு பார்த்துதான் நாம நடக்கறோம். அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட்னு ஒரு தேசியப் பூங்கா இருக்கு, அங்க கல்லா மாறிப்போன மரத்துண்டை ஆளுங்க பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடறாங்க. சியால்டினின்ற சைக்காலஜிஸ்டும் அவர் டீமும் பாதையில துண்டுகளைப் போட்டுட்டு போர்டை மட்டும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தாங்க. "நிறைய பேர் எடுத்துட்டுப் போய் பூங்காவே மாறிப்போச்சு"ன்னு வச்சப்போ கிட்டத்தட்ட 8% துண்டு காணோம், "தயவுசெஞ்சு எடுக்காதீங்க"ன்னு வச்சப்போ 2% கூட போகல. திட்டறதா நினைச்சு, எல்லாரும் எடுக்கறாங்கன்னு நாமளே விளம்பரம் பண்ணிடறோம் பாருங்க!

ஹோட்டல் டவல் கதையும் இதேதான், 2008ல வந்த ஆய்வு. "சுற்றுச்சூழலைக் காப்பாத்துங்க"ன்னு கார்டு வச்சா சுமார் 35% பேர் டவலைத் திரும்ப யூஸ் பண்ணாங்க, "இங்க தங்கறவங்க முக்கால்வாசிப் பேர் திரும்ப யூஸ் பண்றாங்க"ன்னு வச்சா 44%.

இன்னொண்ணு, பிளாஸ்டிக் ஸ்ட்ரா வேண்டாம்னு சொல்லிட்டு மூணு நாள் டிரிப்புக்கு ஃப்ளைட்ல போறவங்க (நானும்தான்) அந்த ஃப்ளைட் விடற புகையைக் கணக்குல சேக்கணும்னு யோசிக்கறதே இல்ல.