ஒரு மழை பார்த்துவிட்டு ஓட்டைத் தொடுங்கள்

நானும் வீட்டுக்காரருமாக இரணியல் பக்கத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைச் சரிபண்ணிய கதையைப் போன இதழில் ஏதோ பேச்சுவாக்கில் நாலு வரி எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஓடு, கரையான், ஈரச்சுவர் என்றே இருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அதுதான். சமையல் கேள்வி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, என் கணவரின் பாட்டா கட்டிய ஓட்டு வீடு எங்கள் பங்குக்கு வந்திருக்கிறது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பத்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது. பட்டாசாலை என்கிற கூடத்துச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஈரம், உள்ளறையான அரங்கில் கரையான், நாலைந்து இடத்தில் ஒழுகுகிறது. இருவருமே வேலைக்குப் போகிறோம், சனி ஞாயிறுதான் நேரம். இடித்துவிட்டு டெரஸ் போடச் சொல்லி மாமா தினமும் போன் செய்கிறார். எங்களுக்கு மனசில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?
– தக்கலை வாசகி

பதில்: எதையும் ஆரம்பிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை வாசலில் நிற்கிறது, இப்போது ஓட்டைப் பிரித்தால் நனைந்த வீட்டுக்குள் நின்று நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருப்பீர்கள். ஒழுகும் இடத்துக்கு மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டுங்கள், ஜன்னல்களைத் திறந்து காற்று விடுங்கள், பிறகு ஒரு நோட்டும் சாக்பீஸும் வாங்கிக்கொண்டு மழை பெய்யும்போது வீட்டுக்குள் போய் உட்காருங்கள்.

நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு. இடவப்பாதி தென்மேற்கிலிருந்து அடிக்கும், துலா மாதத்து, அதாவது ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து. காற்று திரும்பிவிடுவதால் ஒரு மழைக்கு ஒழுகாத இடம் அடுத்த மழைக்கு ஒழுகும். இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் வீடு முழுசாகத் தெரியும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓடு உடைந்திருக்கிறது என்றும் நினைக்காதீர்கள். தண்ணீர், ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோலின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நாலடி கீழே இறங்கி வந்து, அங்கே ஒரு ஆணியோ முடிச்சோ தட்டினால் சொட்டும். டார்ச் அடித்து அந்த ஈரக்கோட்டைப் பின்தொடர்ந்து மேலே போனால் ஆள் அகப்படுவார்.

இடுப்புயர ஈரம் வேறு கதை, அது கீழேயிருந்து ஏறுவது. வெளியே போய்ப் பாருங்கள், சுவரை ஒட்டி மண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ரோடு போடும்போதெல்லாம் ரோடு உயரும், முற்றத்தில் தண்ணீர் தேங்குகிறதென்று நாமும் ஒரு லோடு மண் அடிப்போம், ஐம்பது வருடத்தில் வீடு பள்ளத்துக்குள் போய்விடும். எங்கள் வீட்டு முன்வாசலுக்கு இரண்டு படி என்றுதான் கல்யாணமாகி வந்த நாள் முதல் நினைத்திருந்தேன். மண்ணை வெட்டி எடுத்தபோது மூன்றாவதாக ஒரு படி வந்தது. மேல் படி இரண்டும் நடுவில் குழிந்து தேய்ந்திருக்க, அதில் மட்டும் உளித்தடம் அப்படியே இருந்தது. அவ்வளவு உயரத்துக்குச் சுவர் மண்ணில் புதைந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே மழைக்கு நடுவில் வெயில் காயும் சனிக்கிழமைகளில் அந்த வேலையைச் செய்யுங்கள். சுவரைச் சுற்றி ஏறியிருக்கும் மண்ணை மட்டும் எடுத்து, தரை சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியும்படி விடுங்கள். அஸ்திவாரத்தின் அடி வரை தோண்டிவிடாதீர்கள், அது ஆபத்து. ஓட்டு விளிம்பிலிருந்து தண்ணீர் விழும் கோட்டில் ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி போட்டால் சேறு தெறித்துச் சுவரில் அடிக்காது. இதற்குக் கொத்தனார் வேண்டாம், ஒரு மண்வெட்டியும் கூடையும் போதும். எங்கள் வீட்டில் ஈரம் பாதிக்குப் பாதி குறைந்தது இந்த ஒரு வேலையில்தான்.

ஓட்டு வேலை தை, மாசியில். பங்குனி தாண்டினால் கோடை மழை வந்துவிடும்.

மாமாவை ஒரு நாள் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப்போங்கள், உங்களுக்குப் பக்கம்தானே. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், மூடியிருக்கும். உள்ளே தரையைப் பார்த்து எல்லோரும் வாய் பிளப்பார்கள், சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்தது என்று சொல்வார்கள். அதை விடுங்கள். ஓடு எவ்வளவு தாழ இறங்கி வந்து சுவரை மூடுகிறது என்று அவருக்குக் காட்டுங்கள். சுவர் நனையாமலிருந்தால் மரமும் சுண்ணாம்பும் எத்தனை தலைமுறை நிற்கும் என்று நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்காது.

கேள்வி: ஈரம் அடிக்கும் சுவரைச் சுரண்டிவிட்டு சிமெண்ட் பூசினால் நின்றுவிடும் என்கிறார் கொத்தனார். பூசலாமா?
– குழித்துறை வாசகர்

பதில்: பூசினேன், பட்டேன். எங்களுக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார், மூன்றடி உயரத்துக்கு வீடு முழுக்க சிமெண்ட் அடித்துக் கொடுத்தார். ஒரு மழைக்காலம் பளபளவென்று இருந்தது. அடுத்த மழையில் ஈரம் சிமெண்டைத் தாண்டி நாலடி, ஐந்தடிக்குப் போய் அங்கே பெயிண்டை உரித்தது, வெள்ளையாக உப்புப் பூத்தது. கையால் தட்டினால் டொக் டொக் என்று உள்ளே காலியாக இருக்கும் சத்தம். அதைக் கொத்தி எடுக்க எங்களுக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை போனது, கூடவே பழைய வெட்டுக்கல்லின் முகமும் பெயர்ந்து வந்தது.

காரணம் சின்னது. வெட்டுக்கல்லும் மண்சாந்தும் சுண்ணாம்பும் ஈரத்தை உறிஞ்சும், வெயில் அடித்தால் வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். தண்ணீர் போக இடமில்லாமல் மேலே ஏறும், அவ்வளவுதான். எமல்ஷன் பெயிண்டும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கிறது.

சுண்ணாம்பு பூசுங்கள். நீற்றாத, அதாவது சூளையில் சுட்டு இன்னும் தண்ணீர் சேர்க்காத சுண்ணாம்புக் கல் வாங்கினால் பெரிய தொட்டியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் கிட்டேயே போகாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. நீற்றியதைத் தண்ணீர் மூடியபடி குறைந்தது மூன்று வாரம் ஊறவிட்டுச் சலித்து எடுத்தால் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு மணல். கடற்கரை மணல் கூடவே கூடாது, அதிலிருக்கும் உப்பு சுவருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் சேர்ப்பது நம் பழைய வழக்கம், நாங்களும் சேர்த்தோம், வீடு ஒரு வாரம் பலகாரக்கடை மாதிரி மணந்தது, எறும்பும் வந்தது.

ஈரம் கூடுதலான இடத்துக்குச் செங்கல் தூள் கொஞ்சம் கலந்தால் பூச்சு சீக்கிரம் இறுகும். அதற்கு நன்றாக வெந்த கல்லைவிடக் குறைவாக வெந்த செங்கல்தான் நல்லது. ஒரு பூச்சு ஒரு விரல் கனத்தைத் தாண்ட வேண்டாம், வெயில் நேரே படாமல் சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரம் தண்ணீர் தெளியுங்கள். அவசரப்பட்டால் வெடிக்கும். சிமெண்டுக்குப் பழகிய கொத்தனாருக்கு இந்தப் பொறுமை இருக்காது, அவருக்கு நாள் கூலி. சனி ஞாயிறு மட்டும் வேலை செய்யும் புருஷன் பெண்டாட்டிக்குத்தான் சுண்ணாம்பு சரிப்பட்டு வரும்.

கேள்வி: ஓட்டை நாங்களே மாற்றலாமா? கடையில் புது ஓடு வாங்கி வைத்தோம், பழைய ஓட்டோடு பொருந்தவே மாட்டேன் என்கிறது.
– திருவட்டாறு வாசகர்

பதில்: பொருந்தாது. மங்களூர் ஓடு என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, 1865-இல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்ததற்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ ஊரில் செய்தார்கள். ஒவ்வொருவர் ஓட்டுக்கும் வரிப்பள்ளம் ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். ஓட்டின் அடியில் முத்திரை இருக்கும் பாருங்கள். அதே முத்திரை வேண்டுமென்றால் வீடு இடித்த சாமான் விற்கும் இடத்தில்தான் கிடைக்கும். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, மணி மாதிரி ஒலித்தால் எடுங்கள், மொத்தென்று கேட்டால் விரிசல். நூறு சதுர அடிக்கு 150 ஓடு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், உடைவதற்குக் கூடக் கொஞ்சம். கிடைக்கவில்லையா, நல்ல பழைய ஓட்டையெல்லாம் முன்பக்கத்துக்குச் சேர்த்துவிட்டு, பின்பக்கச் சரிவு முழுவதையும் புது ஓடாகவே போட்டுவிடுங்கள், ஓடு உட்காரும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் இடைவெளியையும் அந்தப் புது ஓட்டை வைத்தே அளந்து அடியுங்கள். ஒரே சரிவில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

நீங்களே ஏறுவதைப் பற்றி: ஒரு மாடி உயரம்தானே என்று நினைக்காதீர்கள், அந்த உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நல்ல ஏணி, இடுப்பில் கயிறு, ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காமல் கழுக்கோலின் மேல் படும்படி பலகை. கீழே ஒருவர் நிற்காமல் மேலே ஒருவர் போகவே கூடாது. ஏறுமுன் உள்ளேயிருந்து ஒவ்வொரு கழுக்கோலையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், குறிப்பாகச் சுவரில் உட்காரும் முனையை. கால் அங்குலம் இறங்கினால் அதை ஆசாரி பார்க்கட்டும்.

எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கை. அடுக்களைக் கழுக்கோல் கரி பிடித்துக் கறுத்துக் கிடந்தது, அதுதான் முதலில் போயிருக்கும் என்று நினைத்தோம். அதில் பூச்சி துளைத்த ஒரு துளைகூட இல்லை. சுத்தமாக இருந்த பட்டாசாலை மரத்தில்தான் மாவு கொட்டியது. விறகடுப்புப் புகை எத்தனை வருடம் பூச்சியை விரட்டியிருக்கிறது! கேஸ் வந்தபின் அந்தக் காவல் போய்விட்டது. அதனால் மரத்துக்கு முந்திரிக்கொட்டைத் தோட்டு எண்ணெய் அடிக்கும் பழைய வழக்கத்தை நாங்கள் பிடித்துக்கொண்டோம், நம்மூர் அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) பக்கம் விசாரித்தால் கிடைக்கும். கையில் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும், கவனம்.

கேள்வி: கரையானுக்கு மருந்து அடிக்க ஆள் வரச்சொல்லியிருக்கிறோம். அடுக்களையை ஒட்டியே கிணறு. பரவாயில்லையா?
– மார்த்தாண்டம் வாசகி

பதில்: பரவாயில்லை என்று நான் எழுத மாட்டேன். குடிக்கும் கிணற்றுப் பக்கம் மண்ணில் மருந்து இறக்கவே விடாதீர்கள். வருகிறவரிடம் முதலில் கிணற்றைக் காட்டுங்கள், அதைப் பார்த்தும் தயங்காதவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அந்தப் பக்கத்துக்குப் புற்றுத்தடத்தைச் சுரண்டி எடுப்பது, சுவரை ஒட்டி விறகு அடுக்காதது, ஈரத்தைக் குறைப்பது, மரத்தில் மட்டும் எண்ணெய், இவ்வளவுதான் வழி. வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: ராத்திரி மரநாய் ஓட்டைப் புரட்டுகிறது!
– பேச்சிப்பாறை வாசகர்

பதில்: கூரைமேல் சாயும் பலாக்கிளையை வெட்டுங்கள். ஓட்டு விளிம்பில் கம்பிவலை. அடிக்காதீர்கள், அது பாட்டுக்குப் பழம் தின்ன வந்தது, சட்டமும் அதன் பக்கம்தான்.

கேள்வி: பழைய மரப்பட்டை வயரிங்கை யூடியூப் பார்த்து நானே மாற்றலாமென்று இருக்கிறேன்.
– நாகர்கோவில் வாசகர்

பதில்: வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன், புது எர்த், கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி. வேறு எதில் காசு மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

கேள்வி: பெயர், ஊர் போட வேண்டாம் அக்கா. வேலையை ஆரம்பித்த நாளிலிருந்து எங்களுக்குள் தினமும் சண்டை. நான் சுரண்டிய சுவரை அவர் மறுபடி சுரண்டுகிறார். இப்போது அரங்கில் கிடக்கும் பத்தாயத்தைப் பிரித்து அலமாரி செய்யப்போகிறேன் என்கிறார். அது என் மாமியார் நெல் போட்டு வைத்தது. அவருக்கு இல்லாத பாசம் எனக்கு!

பதில்: முதல் சண்டைக்கு மருந்து சுலபம். ஒருவர் வேலையை இன்னொருவர் தொடக்கூடாது. எங்கள் வீட்டில் சுண்ணாம்பு என்னுடையது, மரம் அவருடையது. சாயங்காலம் சாயா குடிக்கும் வரை கருத்துச் சொல்லத் தடை. இன்னொன்று, ஒரு அறையை மட்டும் கடைசி வரை தொடாமல் வையுங்கள், கட்டில், ஃபேன், தூசியில்லாத தலையணை. நாங்கள் எல்லா அறையையும் ஒரே சமயத்தில் கலைத்துப்போட்டு இரண்டு மாதம் சாக்குகளுக்கு நடுவில் தூங்கினோம், அந்த இரண்டு மாதம் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

பத்தாயம் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. நல்ல அயினிப் பலகையாக இருந்தால் பிரிக்கும்போது பொருத்து உடைந்து பாதிப் பலகை வீணாகும், அலமாரிக்கு அவ்வளவு கனமும் தேவையில்லை. நான்கு காலுக்கும் கல் வைத்துத் தரையிலிருந்து உயர்த்திவிடுங்கள், இப்போதைக்குக் கருவி போட்டு வைக்கலாம், எங்கள் பத்தாயத்தில் அவருடைய இழைப்புளியும் என் பூச்சுக் கரண்டிகளும்தான் கிடக்கின்றன. அவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் பிரிக்காமல் முழுசாக வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள். அளந்து பார்ப்பார். பெரும்பாலும் அரங்கு வாசல் வழியே அது போகாது, ஆசாரி உள்ளே உட்கார்ந்தே செய்திருப்பார்.