தலையில் அடிபட்ட பிறகு வரும் பதற்றமும் மனச்சோர்வும் குணமாவதைத் தாமதப்படுத்துமா?

கேள்வியின் சுருக்கம்: தலையில் அடிபட்டு ஐந்து வாரம் ஆகிறது. கன்கஷன் (அடியின் அதிர்வில் மூளை தற்காலிகமாகத் தடுமாறும் லேசான காயம்) என்றார்கள், ஸ்கேன் நார்மல். ஆனாலும் தலைவலி, கிறுகிறுப்பு, மறதி விடவில்லை. கூடவே காரணம் தெரியாத பயமும் அழுகையும். இந்தப் பயமும் சோர்வும்தான் குணமாக விடாமல் இழுக்கின்றனவா?

ஆமாம், இழுக்கலாம். கன்கஷன் நீண்டுபோவதற்கான காரணங்களில் இந்த இரண்டும் முன்வரிசையில் நிற்பவை. அடிபடும் முன்பே பதற்றமோ டிப்ரஷனோ இருந்தவர்களுக்கு அபாயம் இன்னும் கூடுதல். இதைச் சொன்னதும் "அப்போ எல்லாம் என் கற்பனையா?" என்று பலர் நொந்துபோகிறார்கள். கற்பனை இல்லவே இல்லை. அடி விழுந்ததும் மூளைச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், கால்சியம் உள்ளே புகும். அதைச் சரிக்கட்ட நிறைய குளுக்கோஸ் தேவைப்படும் நேரத்தில் ரத்த ஓட்டமோ குறைந்திருக்கும். முதல் நாட்களின் மந்தம் இந்தப் பற்றாக்குறையால் வருவது. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கானது, இதை அது காட்டாது.

பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் அடங்கிவிடும். நான்கு வாரம் தாண்டினால் நீடிக்கும் அறிகுறிகள் என்று தனியாகக் கவனிக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் காரணம் ஒன்றே ஒன்றாக இருப்பது அரிது. கழுத்து, உள்காதின் சமநிலை, மைக்ரேன், தூக்கம், மனநிலை எல்லாம் பின்னிக் கிடக்கும். 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், லேசான தலைக்காயத்துக்காக அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஆறாவது மாதத்தில் டிப்ரஷனோ, விபத்துக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறோ இருந்தது. தலையில் அடிபடாமல் கை, கால் போன்ற இடங்களில் காயம்பட்டவர்களில் அது சுமார் 12 சதவீதம். ஆக, இது பலவீனமான மனசுக்காரர்களின் பிரச்சினை கிடையாது. தலைக்காயத்தோடு சேர்ந்தே வருகிற ஒரு சிக்கல்.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், இரண்டு பட்டியலும் ஏறக்குறைய ஒன்று. தலைவலி, களைப்பு, தூக்கமின்மை, கவனம் சிதறல், எரிச்சல் எல்லாம் கன்கஷனிலும் உண்டு, டிப்ரஷனிலும் உண்டு. அண்மையில் தலையில் அடியே படாத டிப்ரஷன் நோயாளிகளிடம் கன்கஷன் கேள்வித்தாளைக் கொடுத்துப் பார்த்தபோது, அளவுகோலைத் தளர்வாக வைத்தால் பத்தில் ஒன்பது பேர் கன்கஷன் நீடிப்பவர்கள் என்ற கணக்கில் வந்தார்கள். அதனால் ஐந்தாவது வாரத்தில் மறதி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மூளை இன்னும் ஆறவில்லை என்று முடிவுகட்ட முடியாது.

பதற்றம் உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். போன வாரம் இதே இடத்தில்தான் தலை சுற்றியது என்று ஞாபகம் வருகிறது. திரை ஒளிர்வதற்குள் தோள் காதுப்பக்கம் ஏறிவிடுகிறது, பற்கள் இறுகுகின்றன, மூச்சு மேல்நெஞ்சில் வேகமாக ஓடுகிறது. வேக மூச்சில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை லேசாகி மிதக்கிற மாதிரி, விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும். இறுகிய கழுத்துத் தசை பின்தலை வலியைக் கிளப்பும். "பார்த்தியா, திரை எனக்கு ஒத்துக்கவே இல்லை" என்று மூடிவிடுகிறீர்கள். மூடியதும் நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தை இன்னும் சீக்கிரம் வரவழைக்கிறது. தலைசுற்றல் நிஜம், வலி நிஜம். காரணம் மட்டும் நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை.

தவிர்த்தலும் இதே கதைதான். இருட்டறையில் படுத்து, வீட்டுக்குள்ளேயும் கூலிங் கிளாஸ் போட்டால் கண் இருட்டுக்குப் பழகி, சாதாரண வெளிச்சமே கூசும். தலையைத் திருப்பாமலே நடந்தால் உள்காதுக்கும் மூளைக்கும் பயிற்சி கிடைக்காமல் கிறுகிறுப்பு தங்கிவிடும். முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வும் குறைந்த திரை நேரமும் உதவும். வீட்டுக்குள் மெல்ல நடமாடுவதை அப்போதுகூட விட வேண்டாம். அதற்குமேல் முழு ஓய்வு எடுத்தால் அறிகுறிகள் கூடுகின்றன என்பது இப்போது தெளிவாகிவிட்டது. வாரக்கணக்கில் இருட்டில் படுக்கச் சொல்லும் பழைய அறிவுரைதான் இன்றும் அதிகம் கெடுதல் செய்வது என்பது என் கருத்து.

மனச்சோர்வின் வழி வேறு, அது சத்தமில்லாமல் வரும். விளையாட்டு, வேலை, நண்பர்கள் என்று நாளைத் தாங்கிப் பிடித்த எல்லாம் ஒரே வாரத்தில் நின்றுபோகின்றன. பகலில் படுத்தால் இரவில் தூக்கம் வராது. தூங்காவிட்டால் வலி கூடும், நினைவு மங்கும். அசைவு குறைந்ததும் உடம்பின் தாங்கும் திறன் சில வாரங்களிலேயே சரியும். மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்கும், அதையும் மூளைக் காயத்தின் கணக்கில் எழுதுவோம். இன்னொன்று, "அடிபடுவதற்கு முன் நான் எதையும் மறந்ததே இல்லை" என்று மனம் பழைய நாட்களை மெருகேற்றிக் காட்டும். சாவியை எங்கே வைத்தோம் என்று எல்லோரும்தான் தேடுகிறார்கள். இப்போது ஒவ்வொரு தேடலும் ஆதாரமாகிவிடுகிறது.

சரி, என்ன செய்வது?

முதலில் நடை. நாடித்துடிப்பு காட்டும் ஒரு கடிகாரமும், பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போட ஒரு தாளும் வேண்டும். இதயநோயோ கழுத்துக் காயமோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கிளம்பும்முன் தலைவலிக்கு மதிப்பெண் போடுங்கள், உதாரணமாக 3. மெதுவாகத் தொடங்கி, நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூட்டுங்கள். தொடங்கிய மதிப்பெண்ணைவிட இரண்டுக்கு மேல் கூடியதும் நிறுத்தி, அப்போதைய துடிப்பைக் குறியுங்கள். அது 130 என்றால் அதில் 80 முதல் 90 சதவீதம், அதாவது 104-க்கும் 117-க்கும் இடையில், தினமும் 20 நிமிடம் நடக்க வேண்டும். ஒரு வாரம் தாங்கினால் 5 முதல் 10 துடிப்பு வரை கூட்டலாம். லேசாக ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும் வலி பாதகமில்லை. அது காயம் பெருகுவதன் அடையாளம் அல்ல. இந்த ஒரு வரியை நம்பத் தொடங்கியதுமே பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

இதே பயிற்சி இன்னொரு தகவலும் தரும். வேகமாக ஓடி 160 துடிப்பைத் தொட்டும் தலைவலி ஏறவில்லை, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து மின்னஞ்சல் படித்தால் தலை சுற்றுகிறது என்றால், மூளையின் ரத்த ஓட்டச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மிச்சத்தைக் கழுத்திலும் கண்ணிலும் சமநிலையிலும் பதற்றத்திலும் தேட வேண்டும். சமநிலைப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் இங்கே பெரிய உதவி.

திரையும் வெளிச்சமும் படிப்படியாக. 15 நிமிடம் படித்து 5 நிமிடம் நிறுத்தம் என்று தொடங்குங்கள். நிறுத்தத்தைக் கடிகாரம் சொல்லட்டும், தலைவலி சொல்ல வேண்டாம். நன்றாக இருக்கும் நாளில் ஐந்து மணி நேரம் உழைத்துவிட்டு மறுநாள் முழுக்கப் படுப்பதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மூச்சுப் பயிற்சி எளிது: மூக்கால் நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே, ஐந்து நிமிடம், நாளுக்கு இருமுறை. பயம் இல்லாத நேரத்தில் பழகினால்தான் பயம் வரும்போது கைகொடுக்கும். எழும் நேரத்தை மாற்றாதீர்கள், பகல் தூக்கம் அரைமணிக்கு மேல் வேண்டாம். அறிகுறிகளை மணிக்கொரு தரம் சோதிப்பதை விட்டு, இரவில் ஒரே ஒரு தடவை எழுதுங்கள். உற்றுப் பார்க்கப் பார்க்க வலி பெரிதாகும்.

மனநிலையைத் தனியாக அளந்து பாருங்கள். டிப்ரஷனுக்கான ஒன்பது கேள்விப் படிவத்தில் (PHQ-9) மொத்தம் 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் தூக்கம், களைப்பு, கவனம் பற்றிய கேள்விகளில் கன்கஷனே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். எதிலும் ஆர்வமில்லை, மனம் கனக்கிறது, நான் பயனற்றவன், செத்துப்போனால் தேவலை என்ற கேள்விகளின் விடைதான் அதிகம் சொல்லும். கடைசிக் கேள்விக்குப் பூஜ்யத்தைத் தவிர எந்த விடை வந்தாலும் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். தலைக்காயத்துக்குப் பிறகு தற்கொலை அபாயம் கூடுகிறது, இதில் தயக்கமே கூடாது.

சிகிச்சையில் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) முதலிடம் பெறுகிறது, மேலே சொன்ன லேப்டாப் பயத்தை அது நேரடியாகவே கையாளும். மருந்து தேவைப்பட்டால் செர்ட்ரலின், எஸ்சிட்டலோப்ராம் வகைகளைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, படபடப்பு கூடலாம். மூளை மோசமாகிறது என்று பயந்து மூன்றாம் நாளே நிறுத்துபவர்கள் அதிகம், தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அல்பிரசோலம், குளோனசெபம் உடனே அமைதி தரும், ஆனால் நினைவையும் சமநிலையையும் மந்தமாக்கும். ஏற்கெனவே அவை தடுமாறும்போது அது சரியான துணை அல்ல. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். மது வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஏறிக்கொண்டே போகும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் ஒழுகுதல், இவை பதற்றத்தின் வேலை அல்ல. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் "இன்னைக்குத் தலைவலி எப்படி இருக்கு?" என்று காலை மாலை கேட்காமல், "நடக்கப் போலாமா?" என்று கேட்டால் போதும். கெட்ட நாள் நிச்சயம் வரும். அன்று முந்தைய படிக்கு ஒரு நாள் இறங்குங்கள், 20 நிமிடத்துக்குப் பதில் 12 நிமிடம் நடங்கள். பூஜ்யத்துக்கு இறங்க வேண்டாம்.