கராஜுக்கு மேலே ஓர் அறை: வீடு முழுக்க ட்ரை ஸ்பிரிங்க்லர் தேவையா?

ஒன்ராறியோவின் மார்க்கம் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "இரண்டு மாடி வீடு கட்டுகிறோம். அம்மாவும் அப்பாவும் எங்களோடுதான் இருக்கப்போகிறார்கள். அவர்களால் விரைவாகப் படியிறங்க முடியாது என்பதால் தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் ஸ்பிரிங்க்லர் போட நினைத்தோம். அவர்களுடைய அறை கராஜுக்கு மேலே வருகிறது. அங்கே குழாய் உறைந்து வெடிக்கும், அதனால் வீடு முழுவதற்கும் ட்ரை சிஸ்டம் போடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செலவைக் கேட்டதும் கணவர், 'சட்டம் கேட்கவில்லைதானே, விட்டுவிடுவோம்' என்கிறார். என்ன செய்வது?"

ஸ்பிரிங்க்லரை விட்டுவிட வேண்டாம். வீடு முழுக்க ட்ரை சிஸ்டமும் வேண்டாம். தண்ணீர் நிறைந்த சாதாரணக் குழாயையே போடுங்கள். அதை வீட்டின் சூடான பக்கத்திலேயே ஓட வையுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். ட்ரை சிஸ்டத்தில் குழாய்க்குள் தண்ணீர் இருக்காது, அழுத்தப்பட்ட காற்றோ நைதரசனோ இருக்கும். அந்த அழுத்தம்தான் சூடான ஓர் இடத்தில் வைத்திருக்கும் வால்வை மூடிப் பிடித்திருக்கிறது. தீச்சூட்டில் ஸ்பிரிங்க்லரின் கண்ணாடிக் குமிழ் உடைந்தால், முதலில் காற்று வெளியேற வேண்டும், அழுத்தம் இறங்கி வால்வு திறக்க வேண்டும், அப்புறம்தான் தண்ணீர் அங்கிருந்து ஓடி வர வேண்டும். ஆள் உறங்கும் அறையில் இந்தத் தாமதம்தான் எதிரி. அபாயம் குறைந்த வேறு கட்டடங்களுக்கு 60 வினாடி வரை விடும் என்.எஃப்.பி.ஏ (அமெரிக்கத் தீப் பாதுகாப்புச் சங்கம்) விதிகள், குடியிருப்புப் பகுதிக்கு 15 வினாடிதான் தருகின்றன.

அந்த 15 வினாடியைச் சோதித்துப் பார்க்கும்போது பக்கத்தில் நின்றால் புரியும். கடைசி முனையில் சோதனை வால்வைத் திறந்ததும் காற்று சீறும். சீறல் மெல்லத் தணியும். பிறகு துருநிறத் தண்ணீர் விக்கி விக்கித் துப்பும். அதற்கப்புறமே சீரான ஓட்டம். கையில் கடிகாரத்தோடு நிற்கும்போது அது மிக நீண்ட நேரம்.

இன்னொரு சிக்கல் குழாயே. வீடுகளில் போடும் ஆரஞ்சு நிற சிபிவிசி பிளாஸ்ரிக் குழாய்க்குள் அழுத்தக் காற்றை ஏற்றவே கூடாது; உடைந்தால் சில்லுகளாகத் தெறிக்கும். எனவே இரும்புக் குழாய் வேண்டும். சோதனைக்குப் பின் உள்ளே தேங்கும் கொஞ்சத் தண்ணீரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்தால் துரு தொடங்கிவிடும். தண்ணீர் வடிய, கிளைக் குழாய்கள் மீற்றருக்கு 4 மில்லிமீற்றர், பிரதான குழாய் 2 மில்லிமீற்றர் சரிய வேண்டும். தாழ்ந்த முனைகளில் வடிகால் வைத்து, குளிர்காலத்துக்கு முன் நீங்களே மறக்காமல் திறந்துவிட வேண்டும். வீட்டு ஸ்பிரிங்க்லர் தலைகளில் (தண்ணீர் பீய்ச்சும் முனைகளில்) பெரும்பாலானவை தண்ணீர்க் குழாய்க்கென்றே அங்கீகரிக்கப்பட்டவை. ட்ரைக்கு என்று தனியாக அங்கீகாரம் பெற்றதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

குழாயில் காற்றழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும், மின்சாரத்தில் ஓடும் கொம்பிரசரையும் யோசியுங்கள். 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் பல வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படியொரு நாளில் குழாயில் சிறு கசிவு இருந்தாலே போதும்: காற்றழுத்தம் இறங்கும், வால்வு தானாகத் திறக்கும், குளிர்ந்து கிடக்கும் குழாய்க்குள் தண்ணீர் போய் உறையும். எதற்குப் பயந்து ட்ரை போட்டோமோ அதுவே நடந்துவிடும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒரு குடும்ப, இரு குடும்ப வீடுகளுக்கான என்.எஃப்.பி.ஏ 13டி விதி, கராஜிலும் பொருள் வைக்காத, ஆள் வசிக்காத அற்றிக்கிலும் (கூரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்திலும்) ஸ்பிரிங்க்லர் கேட்பதில்லை. ஆகவே உறையும் இடங்களுக்குள் குழாய் போக வேண்டிய தேவையே குறைவு. கராஜுக்கு மேலே உள்ள அறைக்கு, உட்கூரையிலோ தரையிலோ குழாயைக் கொண்டுபோகாதீர்கள். அந்த அறைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள உட்சுவர் இரு பக்கமும் சூடாக இருக்கும். குழாயை அந்தச் சுவருக்குள் ஏற்றி, சுவரிலிருந்து அறைக்குள் பக்கவாட்டில் பீய்ச்சும் தலையைப் பொருத்தலாம். 16 அடிக்கு 20 அடி வரையான அறையை ஒரே தலை காக்கும் வகைகள் இருக்கின்றன.

மேல்மாடியின் மற்ற அறைகளில் குழாய் உட்கூரைப் பலகைக்கு மேலே போக நேர்ந்தால், வெப்பக்காப்புப் பஞ்சு குழாய்க்கு மேலே மட்டும் வர வேண்டும். குழாய்க்கும் அறைக்கும் நடுவே பஞ்சு புகுந்தால் அறையின் சூடு குழாயை எட்டாது. பஞ்சு போடுபவர் வேறு ஆள், குழாய் போடுபவர் வேறு ஆள். தவறு நடப்பது இந்த இடைவெளியில்தான். உட்கூரைப் பலகை மூடுமுன் நீங்களே ஏணியில் ஏறிப் பாருங்கள், படமும் எடுத்து வையுங்கள். கூரை விளிம்பிலிருந்து காற்று நேரே குழாயில் அடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

கராஜுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால், ட்ரை தலை என்றொரு வகை உண்டு. நீண்ட தண்டு, அதன் உள்முனையில் அடைப்பு. தண்ணீர் சூடான சுவருக்குள்ளேயே நிற்கும், தண்டு மட்டும் குளிருக்குள் நீளும். குமிழ் உடைந்தால் அடைப்பு விலகும். கொம்பிரசர் வேண்டாம், வால்வும் வேண்டாம். தண்டின் நீளத்தை உங்கள் ஊரின் குளிருக்கு ஏற்பத் தயாரிப்பாளர் அட்டவணையில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

யாராவது 'உறையாத திரவம் கலக்கலாம்' என்றால், இதற்கென அங்கீகரிக்கப்பட்ட திரவமா என்று கேளுங்கள். 2009இல் கலிபோர்னியாவில் ஒரு வீட்டின் சமையலறைத் தீயில் ஸ்பிரிங்க்லரிலிருந்து வந்த கலவையே தீப்பற்றி ஒருவர் இறந்தார். உறையாமலிருக்கக் கலக்கும் கிளிசரினும் கிளைக்கோலும் செறிவு கூடினால் எரியும்.

உங்கள் கணவருக்கு ஒன்று சொல்லுங்கள். 2014 ஜனவரியில் கியூபெக்கின் லீல்-வெர்ட் ஊரில், கடும் குளிர் இரவில், முதியோர் இல்லமொன்று எரிந்து 32 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதியில் மட்டுமே ஸ்பிரிங்க்லர் இருந்தது. வேகமாக நடக்க முடியாதவர்களுக்காகத்தான் நீங்கள் இதைப் போட நினைத்தீர்கள். அந்தக் காரணம் மாறவில்லை.

ஒப்பந்தக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தக் குழாய், எந்த இடத்தில், 4 பாகை செல்சியஸுக்குக் கீழே போகக்கூடும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். அப்படியும் ட்ரைதான் வேண்டும் என்றால், கடைசித் தலைக்குத் தண்ணீர் எத்தனை வினாடியில் வரும் என்ற கணக்கைக் கேளுங்கள். அந்தக் கணக்கு கையில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.