‘இதோ, இன்னும் கொஞ்சம்தான்’

கேள்வி: மலையடிவாரத்துக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. எனக்கும் கணவருக்கும் வாரக் கடைசி என்றாலே மலையேற்றம்தான். போன வருடம் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் (இப்போது மகளுக்கு 14, மகனுக்கு 6) எல்லோரும் வந்திருந்தார்கள். ஆசையாகக் கூட்டிப்போனோம். பாதியில் அம்மாவுக்கு மூட்டு வலி வந்துவிட்டது. “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்” என்றார். உச்சிக்குப் போய்த் திரும்ப எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. சின்னவன் ஒரே அழுகை, அண்ணிக்குக் காலெல்லாம் கொப்புளம், செல்போன் வெளிச்சத்தில்தான் கீழே வந்து சேர்ந்தோம். அடுத்த மாதம் மறுபடி பத்து நாள் வருகிறார்கள். “மலைப் பேச்சே எடுக்காதே” என்று அண்ணி இப்போதே சொல்லிவிட்டார். எனக்கோ அந்த உச்சியில் இருந்து தெரியும் காட்சியை எல்லோருக்கும் ஒரு தடவையாவது காட்டிவிட வேண்டும். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் அண்ணி சொல்வதில் நியாயம் இருக்கிறது. சம்மதிக்க வைப்பது எப்படி என்ற கேள்வியை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, போன வருடம் அம்மா உட்கார்ந்திருந்த அந்த இடத்துக்குத் திரும்பிப் போவோம்.

உங்கள் அம்மா அங்கே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முதல் அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்திருக்கும், காற்று, வேடிக்கை, வலிக்கும் காலுக்கு ஓய்வு. அப்புறம் ஏறும்போது வந்த வியர்வை முதுகில் ஆறி, குளிர ஆரம்பித்திருக்கும். ஸ்வெட்டர் யார் பையில் இருந்தது? தண்ணீர் பாட்டில்? அநேகமாக இரண்டும் உங்களோடு உச்சிக்குப் போயிருக்கும். பாத்ரூம் போக வேண்டும் என்றால் எங்கே போவது, நாம் எழுந்து போன நேரத்தில் பிள்ளைகள் வந்து தேடினால் என்ன செய்வது, இருட்டுவதற்குள் வந்துவிடுவார்களா, அங்கே யாராவது விழுந்து கிடக்கிறார்களோ. இதையெல்லாம் அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நம் அம்மாக்கள் “நீங்க போயிட்டு வாங்க” என்று சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது வீட்டில் நமக்குத் தெரிகிறது, மலையில் மட்டும் எப்படியோ மறந்துபோகிறது.

அதனால் இந்தத் தடவை முதல் விதி இதுதான்: யாரையும் தனியாக விட்டுப் போகக் கூடாது. ஒருவர் நின்றால் இன்னொருவர் கூட நிற்க வேண்டும், அந்த இன்னொருவர் நீங்களாகவோ உங்கள் கணவராகவோ இருக்க வேண்டும், ஏனென்றால் வழி தெரிந்தவர்கள் நீங்கள் இருவர்தான். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஒரு மேல்சட்டை, ஒரு டார்ச், அவரவரிடமே. குழந்தைக்கு வேண்டுமானால் நீங்கள் சுமந்துகொள்ளுங்கள். நடக்கும்போது மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், வழி தெரிந்த ஒருவர் அவருக்குப் பக்கத்திலேயே, மற்றவர் எல்லோருக்கும் கடைசியில். இதைத் தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா? வேகமாகப் போனவர்கள் ஒரு வளைவில் நின்று ஓய்வெடுத்துக்கொண்டிருப்பார்கள், கடைசி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த அதே நொடியில் “சரி, கிளம்பலாமா?” என்பார்கள். ஓய்வே தேவைப்படாதவர்களுக்கு ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை.

அடுத்தது நேரக் கணக்கு. நீங்களும் கணவரும் போய்வரும் நேரத்தை வைத்துத்தான் போன தடவை திட்டம் போட்டிருப்பீர்கள். 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் மலையேறுபவர்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக இன்னொரு மணி நேரம். ஆக, ஏறுவதற்கு 6 கிலோமீட்டர் தூரமும் 450 மீட்டர் உயரமும் உள்ள பாதை என்றால் இரண்டு மணி நேரம். ஆனால் இது நல்ல உடம்பு உள்ள பெரியவர் நிற்காமல் நடந்தால். போட்டோ, பாத்ரூம், ஷூ லேஸ், பட்டாம்பூச்சி, கோபம், சமாதானம் எதுவும் இதில் சேர்த்தி இல்லை. ஆறு வயதுப் பையனும் மூட்டு வலி உள்ள அம்மாவும் இருக்கும் கூட்டத்துக்கு நான் அப்படியே இரண்டால் பெருக்கிவிடுவேன், அதுவும் சில நாள் போதாது.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரத்தை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். மதியம் 12 என்றால் 12, உச்சி கண்ணுக்கு எதிரே நின்றாலும் சரி. மலையில் வைத்து அதை முடிவு செய்யப் போனால் ஆசைதான் ஜெயிக்கும்.

இங்கேதான் அந்த வார்த்தை வருகிறது. “இதோ, இன்னும் கொஞ்சம்தான்.” போன வருடம் இதை எத்தனை தடவை சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். மலை தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் சொல்கிற பெரிய பொய் இது, ஊக்கப்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் சொல்கிறோம். மூன்றாவது தடவை கேட்கும்போது அவர்களுக்கு நம் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடுகிறது, மிச்சம் எவ்வளவு சக்தியை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கணக்கும் தப்பிவிடுகிறது. “இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கு, அதில் பாதி ஏற்றம், வேண்டாம்னா இங்கிருந்தே திரும்பிடலாம்” என்று சொல்லிப் பாருங்கள். ஆச்சரியமாக, பாதிப் பேர் வருகிறேன் என்பார்கள்.

சரி, பத்து நாளை எப்படிப் பிரிப்பது? முதல் இரண்டு நாள் மலையே வேண்டாம், வீட்டைச் சுற்றி நடந்தால் போதும். பயணக் களைப்பு மட்டும் காரணம் இல்லை. உங்கள் வீடோ, போகும் இடமோ 2,500 மீட்டருக்கு மேல் என்றால் கீழே இருந்து வருகிறவர்களுக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். வந்து இறங்கியவுடன் தெரியாது, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அங்கேயே குடியிருக்கும் உங்கள் உடம்புக்கு அது பழகிப்போனதால் அவர்களுக்கு என்ன ஆகிறது என்று உங்களுக்கு உறைக்காது, “சாப்பிடாததால் தலைவலி” என்பீர்கள். தலைவலி இருக்கும்போது மேலே போகாதீர்கள். குறையாமல் அதிகமானாலோ, தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, காத்திருக்காமல் உடனே கீழே இறக்கிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். அப்பா சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், நடக்கப் போகும் நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று அவருடைய டாக்டரிடம் ஊரில் இருந்து கிளம்பும் முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உச்சிக்குப் போகத் துடிப்பவர்களுக்கு ஒரு நாள். உங்கள் கணவர், அண்ணன், கூடவே பதினாலு வயது மகள். அவளைக் கட்டாயம் சேருங்கள், தம்பிக்காக மெதுவாக நடந்து நடந்தே அவளுக்குப் போன தடவை வெறுத்துப்போயிருக்கும். வரைபடத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, இப்போது எங்கே இருக்கிறோம் என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் விடியற்காலையில் கிளம்பட்டும். அன்றைக்கு நீங்கள் போகாதீர்கள். தெரியும், இதுதான் உங்களுக்குக் கஷ்டம்.

எல்லோரும் சேர்ந்து போகும் நாள் வேறு, அதற்கு வேறு பாதை. ஓடையோ, ஏறி விளையாடப் பெரிய பாறையோ, கல் எறியக் குளமோ இருக்கும் இடமாகப் பாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு உச்சி என்றால் ஒன்றும் இல்லை, தூரத்தில் நீலமாகத் தெரியும் எதுவும் அவன் கண்ணில் படாது, காலடியில் ஊரும் எறும்புதான் அவனுக்குக் காட்சி. அதற்காக அவன் பத்து நிமிடம் குனிந்து நின்றால் நிற்கட்டும், அந்தப் பத்து நிமிடம் உங்கள் அம்மாவின் முட்டிக்கும் ஆகும்.

முட்டி என்றதும் இன்னொன்று. ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். மூச்சுக்கு அது சரி. முட்டிக்கு நேர் எதிர். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பின் எடையைத் தொடைத் தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, அதனால்தான் பழக்கம் இல்லாதவர்களுக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் மாடிப்படி இறங்க முடியாமல் போகிறது. அம்மாவுக்கு இரண்டு ஊன்றுகோல் வாங்கிக்கொடுங்கள், ஒன்று போதாது. இறங்கும்போது கோலின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். மேலே வரை ரோப் காரோ சாலையோ இருக்கும் மலை என்றால் எல்லோரும் வண்டியில் ஏறி நடந்து இறங்குவார்கள். முட்டி வலி உள்ளவரை அதற்கு மாறாக மெதுவாக நடத்தி ஏற்றி, வண்டியில் இறக்க வேண்டும். சொல்லப்போனால் உங்கள் ஆசை நிறைவேற வழி இதில்தான் இருக்கிறது: வண்டி போகும் வேறு ஒரு முனையில் இருந்து, அதே காட்சி இல்லாவிட்டாலும் அதற்குப் பக்கத்தில் வரும் ஒன்றை அம்மாவும் பார்க்கலாம். டாக்டர் ஒருமுறை முட்டியைப் பார்த்துச் சரி என்ற பிறகு.

இரண்டு நடைக்கு நடுவே குறைந்தது இரண்டு நாளாவது சும்மா விடுங்கள்.

அப்புறம் ஷூ. இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்த மாமாவுக்கு என் கணவரின் பழைய மலையேற்ற ஷூவை எடுத்துக்கொடுத்தேன். ஏழெட்டு வருடம் அலமாரியில் இருந்தது, இரண்டு தடவைதான் போட்டது, பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் ஒரு காலின் அடிப்பாகம் வாய் பிளந்து, அடுத்த நூறு அடியில் கையோடு வந்துவிட்டது, கொஞ்ச நேரத்தில் மற்றதும். உள்ளே இருந்தது பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. லேஸை எடுத்துக் காலைச் சுற்றிக் கட்டி, மாமா ஒன்றும் பேசாமல் இறங்கி வந்தார், எனக்குத்தான் முகத்தில் விழிக்க முடியவில்லை. இந்த ஷூக்களின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை, காற்றில் இருக்கும் ஈரமே வருடக்கணக்கில் அதைச் சிதைத்துவிடும். போடாமல் பத்திரமாக வைத்திருந்தாலும் தப்பாது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

உங்கள் அண்ணிக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறாக, புது ஷூவாக இருக்கும். மலைக்கு என்று ஆசையாக வாங்கி அன்றைக்குத்தான் முதல் தடவை போட்டிருப்பார். கொப்புளம் திடீரென்று வருவதில்லை, முதலில் குதிகாலில் சூடாக, உரசுவது போல ஓர் உணர்வு வரும். அப்போதே நின்று ஷூவைக் கழற்றி அந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டால் போதும். ஆனால் விருந்தாளி அதைச் சொல்ல மாட்டார், எட்டுப் பேரை நிறுத்தி வைக்கிறோமே என்று கூச்சம். அதனால் கிளம்பிய இருபதாவது நிமிடத்தில் நீங்களே உங்கள் ஷூவைக் கழற்றிக் காலுறையைச் சரி செய்யுங்கள், மற்றவர்களும் செய்வார்கள்.

மழை, இடி பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும், வருகிறவர்களுக்குத் தெரியாது என்பதால் இரண்டு வரி. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், கீழே வெயில் அடிக்கிறதே என்று மெல்லிய சட்டையோடு வருவார்கள், விடாதீர்கள். மலையில் இடிமழை அதிகமும் மதியத்துக்கு மேல்தான். இடிச் சத்தம் கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம், மேட்டில் இருந்தும் ஒற்றை மரத்தடியில் இருந்தும் இறங்கி வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழியாமல் மேலே போகக் கூடாது. விசில் ஒன்று பிள்ளைகள் இருவர் கழுத்திலும் தொங்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு என்பது மலையில் உதவி கேட்கும் பழைய அடையாளம். சின்னவன் இதை வீட்டில் பத்து நாளும் பயிற்சி செய்வான், அதற்கு நான் பொறுப்பில்லை.

கடைசியாக அண்ணி. அவரிடம் மலைப் பேச்சை எடுக்காதீர்கள், அவர்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே. அவர் வீட்டிலேயே இருக்கிறேன் என்றால் இருக்கட்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நீங்களும் ஒரு நாள் கூட இருங்கள்.

ஆனால் அம்மாவிடம் இந்த வாரமே போனில் பேசுங்கள். போன வருடம் தனியாக விட்டுப் போனது தப்பு என்று சொல்லுங்கள், “பரவாயில்லடி” என்பார், அதோடு விட்டுவிடாமல் அந்த மூன்று மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு போனை அண்ணனிடம் கொடுக்கச் சொல்லி, அவருடைய ஷூவை அலமாரியில் இருந்து எடுத்து, அடிப்பாகத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.